வாக்குமூலமும் தன்வரலாறும்: தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ குறித்து

வன்னிப் பெருநிலம் தன்னைப்பற்றித் தானே பேசிய காலம் குறுகியது. அதனைப்பற்றிப் பிறர் பேசிய காலம் நெடியது. இலங்கைச் சிவில் சேவையைச் சேர்ந்த ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கில அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப்பற்றித் தொகுத்த கைந்நூல் 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. வன்னியை ஆராயப் புகுவோர் எவரும் அந்நூலைத் தொடாமல் அப்பாற் செல்ல இயலாது. ஆயினும் அது வன்னியில் வாழ்பவனை நோக்கி எழுதப்பட்டதன்று. அவனை ஆள்பவனை நோக்கி எழுதப்பட்டது. கற்பூரப்புல்லில் நின்ற கல்லும் அவ்வாறானதே. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி கப்டன் வொன் டிறிபேர்க் அவ்விடத்திற் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அக்கல் சொன்ன செய்தி. தோற்றவன் என்ன எண்ணினான் என்பதைச் சொல்ல ஒரு கல்லும் நாட்டப்படவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலைமை ஓரளவு மாறிற்று. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தபோது, தண்ணிமுறிப்பின் காடும் குளமும் அங்குள்ள மனிதரும் ஈழத்துத் தமிழ் நாவலுக்குள் முழுமையாக நுழைந்தனர். இரணைமடு நீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியோரின் வாழ்வைத் தாமரைச்செல்வி ‘பச்சை வயல் கனவு’ என்னும் நாவலிற் பதிவு செய்தார். எனினும் நாவலாசிரியர் தம் அபிப்பிராயத்தைப் பாத்திரங்களின் வாயில் வைத்துப் பேசுபவர்; அது புனைகதைக்கு உரிய உரிமை. வன்னியிற் பிறந்த ஒருவர் அரசியலைப்பற்றியும், தாம் பணிபுரிந்த நிறுவனத்தைப்பற்றியும், அன்றாட வாழ்க்கையைப்பற்றியும் தம் சொந்தப் பெயரில், தம் சொந்த வாயால், ஒளிவுமறைவின்றிக் கருத்துரைக்கும் நூல்கள் அருமையாகவே தோன்றியுள்ளன. அவற்றுள் மிகுதியாகப் பேசப்பட்டதும், என் கருத்தில் மிகக் குறைவாக வாசிக்கப்பட்டதும் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ ஆகும்.

நூலின் வரலாறு பலரும் அறிந்ததே. சிவகாமி என்னும் இயற்பெயருடைய தமிழினி 1972இற் பரந்தனிற் பிறந்தவர். உயர்தர வகுப்பு மாணவியாக இருந்த நிலையில் 1991இல் விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்ந்தார். பின்னர் அதன் மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளராக உயர்ந்தார். சமாதானப் பேச்சுக்களின் விளைவாக அமைந்த பாலினச் சமத்துவத்துக்கான உபகுழு 2003 மார்ச்சிற் கிளிநொச்சியிற் கூடியபோது இயக்கத்தின் சார்பில் அதற்குத் தலைமை தாங்கியவர் அவரே. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிவுற்றபோது பொதுமக்களோடு வெளியேறிப் பின் கைதானார். தடுப்புக்காவல், வெலிக்கடைச் சிறை, வவுனியா பூந்தோட்டத்துப் புனர்வாழ்வு நிலையம் என நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2013 ஜூனில் விடுதலையானார். புற்றுநோய்வாய்ப்பட்டு 2015 ஒக்டோபர் 18ஆந் திகதி மகரகமை வைத்தியசாலையிற் காலமானார். நூல் 2016 பெப்ரவரியிற் காலச்சுவடு வெளியீடாக வந்தது. அவ்வாண்டிலேயே சாமிநாதன் விமலின் மொழிபெயர்ப்பாகச் சிங்களத்திலும் வந்து பரவலாக வாசிக்கப்பட்டது.

சிறிது காலத்துக்கு முன் எமது சிறப்புக்கலை வகுப்பொன்றில் இந்நூல் விவாதத்துக்கு எடுக்கப்பட்டது. கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த மாணவர் தயக்கமின்றிப் பேசினர். கிளிநொச்சி மாவட்டத்து மாணவி ஒருத்தி இறுதிவரை வாய் திறக்கவில்லை. வகுப்பு முடிந்தபின் தனியே வந்து, “எங்கட வீட்டில இந்தப் புத்தகத்தைப்பற்றிக் கதைக்கிறேல்லை, சேர். அண்ணாவைக் கொண்டுபோனது அந்தக் கடைசி வருசம்தான்” என்றாள். சற்றுப் பொறுத்து, “அவ இதை ஆருக்குச் சொல்லுறா எண்டுதான் எனக்கு விளங்கேல்லை” என்றும் சொன்னாள். இவ்விரண்டாவது வாக்கியமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இந்நூல் உண்மை பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாணவி கேட்டது இலக்கிய விமரிசனத்தின் கேள்வி. மனந்திறந்த பேச்சு என்பது பேசுபவருடைய குணம் மட்டுமன்று. அது கேட்பவர் ஒருவரை முன்னிறுத்தியே நிகழ்கிறது. கேட்பவர் மாறும்போது அதன் தன்மையும் மாறுகிறது.

நமது மொழியில் இதற்கு மூன்று சொற்கள் உள. வாக்குமூலம், சாட்சியம், தன்வரலாறு. மூன்றிலும் ஒருவர் தாம் கண்டதையும் செய்ததையும் கூறுகிறார்; ஆனால் மூவேறு அவைகளில் நின்று கூறுகிறார். வாக்குமூலம் அதிகாரத்தின் முன் அளிக்கப்படுவது. சாட்சியம் வழக்கொன்றின் பொருட்டு அளிக்கப்படுவது. அங்கே சாட்சியின் சொந்த வாழ்க்கை முக்கியமன்று. தன்வரலாறு எழுதுபவனோ தன் அவையைத் தானே கூட்டிக்கொள்கிறான். ஆனந்தரங்கப்பிள்ளை 1736 தொடக்கம் கால்நூற்றாண்டாகப் புதுச்சேரியில் எழுதிவைத்த நாட்குறிப்பிலே, தாம் சேவித்த பிரெஞ்சு அதிகாரிகளைப்பற்றிக் கூசாமல் எழுத முடிந்தமைக்குக் காரணம், அவர்கள் அதனை வாசிக்கப்போவதில்லை என்பதே. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. அதன் இனிமைக்கும் அதன் அடக்கத்துக்கும் அந்த வாசகர் கூட்டமே பொறுப்பு. ஐயர் யாரையும் நோகச் சொல்வதில்லை என்பது அவருடைய பண்பு எனப் பாராட்டப்படுவதுண்டு. வார இதழின் வாசகரும் அப்பண்புக்கு ஓரளவு துணைநின்றனர் எனக் கூறுதல் அவருக்கு இழுக்காகாது.

ஈழத்துத் தமிழரிடையே இம்மூன்று சொற்களுள் முதலாவது மற்றிரண்டையும் விழுங்கிவிட்டது. அதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு. பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் அளிக்கப்படும் குற்ற ஒப்புதல் நீதிமன்றிற் சான்றாகாது என்பதே சான்றுக் கட்டளைச் சட்டத்தின் பொது விதி. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் இவ்விதியைத் தலைகீழாக்கிற்று. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கப்பட்ட வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படலாயிற்று. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என நிரூபிக்கும் பொறுப்பும் குற்றஞ்சாட்டப்பட்டவர்மீதே சுமத்தப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட அச்சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. தாம் வாசிக்க அறியாத சிங்களத்தில் எழுதப்பட்ட தாளில் ஒப்பமிட்டுவிட்டுச் சிறை சென்ற இளைஞர்களின் கதைகளை ஒவ்வோர் ஊரும் அறியும். மறுபுறத்தில், தமிழ் இயக்கங்களின் விசாரணை முகாம்களிலும் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. அவற்றை வாசித்தோர் யார், எழுதியவர்களுள் மீண்டோர் எத்தனை பேர் என்பன வேறு கதை. இவ்வாறு இருபுறத்தும் வாக்குமூலம் என்பது அடித்துப் பெறப்படும் பொருளாகிவிட்ட சமூகத்தில், ஒருவர் தாமாக முன்வந்து ‘நான் இவ்வாறு எண்ணுகிறேன்’ என எழுதினால், அதனை இயல்பாக ஏற்கும் காது எங்கிருந்து வரும்?

ஆகவேதான் தமிழினியின் நூல் வெளிவந்தவுடன் இரு தரப்பாரும் அதனை வாக்குமூலமாகவே கொண்டனர். ஒரு சாரார் அதனை எதிரியின் காவலில் நான்கு ஆண்டு இருந்தவரின் எழுத்து எனத் தள்ளினர். ஆசிரியர் மறைந்தபின் வெளிவந்தமையாற் பிறர் கை பட்டதோ என்னும் ஐயமும் எழுப்பப்பட்டது. மறுசாரார், குறிப்பாகத் தென்னிலங்கையில், புலிகளின் பெண் தலைவர் ஒருவர் கடைசியில் ஒப்புக்கொண்டார் என மகிழ்ந்தனர். தள்ளியோரும் கொண்டாடியோரும் ஒரே வகையாகவே வாசித்தனர் என்பதுதான் கவனிக்கற்பாலது. இருவருக்கும் வேண்டியிருந்தவை சில முடிவுரைகள். அம்முடிவுரைகளைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான பக்கங்கள் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. பிரதி பற்றிய ஐயம் நியாயமானது. கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்ட பதிப்பொன்று வருமாயின் அது தீரும். ஆனால் ஐயத்தையே விமரிசனமாகக் கொள்வது சோம்பல். துரோகி என்னும் சொல் நமது அரசியலில் நெடுங்காலமாக வாதத்தின் இடத்தில் அமர்ந்திருக்கிறது. அச்சோம்பல் அதிலிருந்து பிறந்தது.

இனி நூலுக்குட் செல்வோம். அதன் மொழியே முதலில் நோக்கற்பாலது. பத்தொன்பது வயதில் ஓர் இயக்கத்துட் சென்று முப்பத்தேழு வயதில் வெளிவரும் ஒருவருக்கு, அவ்வியக்கம் ஒரு சொல்லகராதியையும் கொடுத்தே விடுகிறது. சாவு என்பது வீரச்சாவு; பிணம் என்பது வித்துடல்; இடுகாடு என்பது துயிலுமில்லம்; காயம் என்பது விழுப்புண். இச்சொற்களை ஏளனம் செய்தல் என் நோக்கமன்று. பிள்ளையை இழந்த தாயொருத்திக்குப் பிணம் என்னும் சொல்லைவிட வித்துடல் என்னும் சொல் ஆறுதல் அளித்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. மொழியின் கடமைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் இச்சொற்கள் ஆறுதலோடு நின்றுவிடவில்லை. ஒரு வினாவைக் கேட்க முன்னரே அதற்கு விடையளித்துவிடும் ஆற்றல் அவற்றுக்கு இருந்தது. ‘ஏன் செத்தான்?’ எனக் கேட்கலாம். ‘ஏன் வீரச்சாவடைந்தான்?’ எனக் கேட்டல் தமிழில் இயலாது; விடை சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

அரசும் தன் பங்குக்கு ஒரு சொல்லகராதியை அளித்தது. படையெடுப்பு மனிதாபிமான நடவடிக்கை ஆயிற்று. 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்டுப் பின் பலமுறை சுருக்கப்பட்டு, ஓயாத எறிகணை வீழ்ந்த நிலப்பரப்புக்குப் பாதுகாப்பு வலயம் என்பது பெயர். முட்கம்பி வேலிக்குள் இலட்சக்கணக்கானோர் அடைக்கப்பட்ட செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம்கள் நலன்புரி நிலையங்கள் எனப்பட்டன. விசாரணையின்றி வைத்திருத்தல் புனர்வாழ்வு எனப்பட்டது. அதன்பின் தொண்டு நிறுவனங்கள் வந்தன. வாழ்வாதாரம், வலுவூட்டல், நல்லிணக்கம் என மூன்றாவது அகராதியும் கையளிக்கப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வன்னிச் சனங்கள் மூன்று அகராதிகளைப் பாடஞ்செய்ய வேண்டியிருந்தது. தம் சொந்தப் பேச்சையும் அவர்கள் விடவில்லை. இயக்கம் ஆட்சேர்ப்பு என்றதைப் பிள்ளை பிடித்தல் என்றனர். நலன்புரி நிலையம் என்றதைக் காம்ப் என்றனர். புனர்வாழ்வு என்றதைத் தடுப்பு என்றனர். எளிய, கசந்த, பிழையற்ற சொற்கள்.

இப்பின்னணியில் வைத்து நோக்கும்போதுதான் தமிழினியின் உரைநடையின் ஏற்றத்தாழ்வு விளங்குகிறது. அரசியலை அவர் மதிப்பிடும் பகுதிகளிற் கருத்துத் துணிவு உண்டு. முடிவுகள் யாவும் ஒருவர் கையிற் குவிந்திருந்தமையையும், ஆயுத வலிமையே அரசியலாகிவிட்டமையையும், சமாதான காலம் யுத்தத்துக்கான ஆயத்தமாகவே கழிந்தமையையும் அவர் கண்டிக்கிறார். ஆனால் அக்கண்டனம் பெரும்பாலும் இயக்கத்தின் அரசியல் வகுப்பு நடையிலேயே அமைந்துள்ளது. நீண்ட வாக்கியங்கள், கருத்துப் பெயர்கள், வரலாற்றுத் தேவை, மக்கள் சக்தி முதலிய பெருஞ்சொற்கள். முன்பு புகழ்வதற்குப் பயன்பட்ட நடை இப்போது இகழ்வதற்குப் பயன்படுகிறது. அபிப்பிராயம் மாறிவிட்டது, மொழி மாறவில்லை. அதனால் அப்பகுதிகளை வாசிக்கும்போது, சொல்லப்படுவது உண்மையென நம் அறிவு ஏற்கிறதேயன்றி மனம் நம்ப மறுக்கிறது.

கட்டாய ஆட்சேர்ப்புப் பற்றிய பகுதி இதற்குத் தெளிந்த எடுத்துக்காட்டு. யுத்தத்தின் கடைசி ஆண்டுகளில் வன்னிக் குடும்பங்களின்மீது விழுந்த பேரிடி அது. அது தவறு என்பதை அவர் சொல்கிறார், குற்றவுணர்வையும் மறைக்கவில்லை. ஆயினும் என் வாசிப்பில், அவ்விடத்தில் ‘இயக்கம்’ எழுவாயாக நிற்குமளவுக்கு ‘நான்’ எழுவாயாக நிற்கவில்லை. பொறுப்பிலிருந்த ஒருவர் எந்த வீட்டு வாசலில் நின்றார், என்ன சொன்னார், அங்குள்ளோர் என்ன சொன்னார்கள் என்பதையே வாசகர் அறிய விரும்புவர். அம்மாணவியின் வீட்டார் இப்புத்தகத்தைப்பற்றிப் பேசாதிருப்பதும் இதனாலேயே எனக் கருதுகிறேன். நூல் அவர்களுடைய வாசல் வரை வந்து, படலையைத் தட்டாமலே திரும்பிவிட்டது.

பொது நிறுவனங்களைப்பற்றியும் இதே குறை உண்டு. 2002க்கும் 2008க்கும் இடையிற் கிளிநொச்சி இரண்டு அரசுகளின் ஊராக இருந்தது. கச்சேரி, பாடசாலை, வைத்தியசாலை ஆகியவற்றின் ஊழியருக்குக் கொழும்பு சம்பளம் அனுப்பிற்று. காவல்துறை, நீதிமன்றம், வைப்பகம், வரி அறவிடும் பகுதி ஆகியன இயக்கத்துடையவை. அன்றைய குடியானவன் காலையில் உரமானியத்துக்காகக் கமநல சேவை நிலையத்தில் நின்று, மாலையிற் காணிப் பிணக்குக்காக இயக்க நீதிமன்றில் நிற்கலாம். ஓமந்தையிலும் முகமாலையிலும் இரண்டு அரசுகளும் அவனுடைய பையை அடுத்தடுத்துச் சோதித்தன. உலகில் இத்தகைய இரட்டை ஆட்சி மிக அருகியே நிகழ்ந்திருக்கும். அரசியல்துறையின் உயர் பொறுப்பில் இருந்த ஒருவர் அதனை உள்ளிருந்து விவரித்திருந்தால், சமூகவியலாளருக்கும் சட்ட மாணவருக்கும் அஃதொரு பெருஞ்செல்வமாகியிருக்கும். வழக்கு எவ்வாறு தீர்க்கப்பட்டது, சீதனத் தகராறோடு வந்த பெண்ணுக்கு என்ன கிடைத்தது, வரி கொடுக்க இயலாதவன் என்ன செய்தான் முதலியவற்றை நாம் நூலில் தேடி, எதிர்பார்த்த அளவுக்குக் காணாது ஏமாறுகிறோம். தலைமையின் பிழைகளைச் சொல்லும் அவசரத்தில், தலைமையல்லாத யாவும் பின்தள்ளப்பட்டுவிட்டன. தனிமனிதர் ஒருவரை நடுவில் வைத்து வரலாறு எழுதும் வழக்கத்தை இயக்கத்திற் கற்றவர், அத்தனிமனிதரை மறுக்கும்போதும் அவ்வழக்கத்தை விடவில்லை.

ஆயின் பெண் போராளிகளைப்பற்றிய பகுதி வேறு தரத்தது. அங்கே அவருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. அக்கேள்விக்கு விடை கையில் இல்லை. துப்பாக்கி ஏந்திய பெண் சமூகத்திற் பெற்ற மதிப்பு துப்பாக்கிக்கு உரியதா, பெண்ணுக்கு உரியதா? 2009க்குப் பின் கால் இழந்தும் கை இழந்தும் ஊர் திரும்பிய பெண்களை அதே ஊர் எவ்வாறு நோக்கிற்று என்பதைக் கண்டவர் ஆதலின், முன்பு மேடைகளில் தாமே பேசிய பெண்விடுதலைப் பேச்சை அவர் மீளக் கேட்டுப் பார்க்கிறார். இங்கே நடை தணிகிறது. முடிவு சொல்லும் அவசரம் குறைகிறது. வன்னியின் வயற்புறத்துக் குடும்பங்களில் மூத்த பெண்பிள்ளை சுமக்கும் சுமை இன்னதென அறிந்தவரின் குரல் இடையிடையே கேட்கிறது.

காலம்பற்றிய ஒரு வினாவையும் தட்டிக்கழித்தல் ஆகாது. அதிகாரம் வீழ்ந்தபின் அதனை விமரிசிப்பதில் என்ன துணிவு இருக்கிறது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர் நால்வர் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ நூலாக வெளிவருமுன்னரே, அவர்களுள் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21ஆந் திகதி வீட்டுக்கு அண்மையிற் சுடப்பட்டு இறந்தார். அந்நால்வரும் துப்பாக்கிகள் எல்லாத் திசையிலும் நீட்டப்பட்டிருந்த காலத்தில், அவற்றின் நடுவே இருந்து எழுதினர். கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ 1985இல், இயக்கமொன்றின் உட்கொலைகளை அவ்வியக்கத்திலிருந்து விலகியவுடனேயே நாவலாக்கிற்று. இவற்றோடு ஒப்பிட்டால் தமிழினியின் துணிவு வேறு தரத்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் எழுதிய காலத்தில் இயக்கத்தால் அவருக்கு ஆபத்தில்லை. ஆனால் அவர் முழுச் சுதந்திரத்தோடு எழுதினார் எனவும் சொல்வதற்கில்லை. புனர்வாழ்வு பெற்றவர் விடுதலையான பின்னரும் கண்காணிக்கப்பட்ட காலம் அது. இயக்கத்தைப்பற்றிப் பேசத் திறந்த வாய், படையினரைப்பற்றிப் பேசும்போது அளந்து பேசுவதை வாசகர் உணராமல் இருக்க முடியாது. முள்ளிவாய்க்காலின் இறுதி நாட்களை அவர் விவரிக்கும் இடத்தில், சாவு எல்லாப் பக்கமும் இருக்கிறது. எறிகணை எங்கிருந்து வந்தது என்பதில் மட்டும் குரல் தாழ்கிறது. இதனை அவருடைய குறையாகச் சொல்லவில்லை. பேச்சின் எல்லை எங்கே போடப்பட்டிருந்தது என்பதை அத்தாழ்ந்த குரலே காட்டுகிறது. பிற்கால வரலாற்றாசிரியனுக்கு அதுவும் ஒரு சான்று.

அப்படியாயின் இந்நூலின் மனந்திறந்த பேச்சு எங்கே உள்ளது? அரசியற் பகுதிகளில் அது குறைவு என்றேன்; நிறுவனங்களைப்பற்றிய பகுதிகளில் மேலும் குறைவு. அது சிறைப் பகுதிகளில் உள்ளது. வெலிக்கடைப் பெண்கள் சிறையில் அவர் வாழ்ந்தது பெரும்பாலும் சிங்களப் பெண்களோடு. போதைப்பொருட் குற்றத்துக்கும் களவுக்கும் வறுமைக்கும் அகப்பட்டு வந்தவர்களோடு. அவர்களுள் எவரும் அவரிடம் அரசியல் நிலைப்பாட்டை எதிர்பார்க்கவில்லை. அவர்களுக்கு அவர் இன்னொரு கைதி. தண்ணீருக்கும் படுக்கும் இடத்துக்கும் முறை பார்த்துக் காத்திருக்கும் வாழ்க்கையில், பொறுப்பாளர் என்னும் பதவியும் கழன்றுவிடுகிறது. அதனோடு பதவியின் மொழியும் கழன்றுவிடுகிறது. வாக்கியங்கள் குறுகுகின்றன. மனிதர் பெயரோடும் பழக்கத்தோடும் வருகின்றனர். எதிரியின் தலைநகரில், எதிரியின் மொழி பேசும் ஏழைப் பெண்களை, இரக்கமும் எரிச்சலும் கலந்து அவர் நோக்கும் நோக்கில், இனப்பிரச்சினை பற்றிய மேடைச் சொற்பொழிவுகள் பலவற்றைவிட அதிக உண்மை இருக்கிறது. தாய் சிறைக்கு வந்துபோகும் செய்திகளும் இத்தரத்தனவே. பரந்தனிலிருந்து கொழும்புக்கு வந்து, வரிசையில் நின்று, சிறிது நேரம் பார்த்துவிட்டுத் திரும்பும் தாய்க்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை; மகளுக்கும் அவ்விடத்தில் தேவைப்படவில்லை.

இதிலிருந்து அம்மாணவியின் வினாவுக்கு ஒருவாறு விடை கூறலாம். நூல் ஒருவருக்கன்று, மூவருக்குச் சொல்லப்படுகிறது. இயக்கத்தை நம்பியிருந்தோருக்கு ஒரு பகுதி. அங்கே தன்னிலை விளக்கமும் கழிவிரக்கமும் மேலோங்குகின்றன. மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் அரசுக்கு ஒரு பகுதி. அங்கே எச்சரிக்கை மேலோங்குகிறது. தம்மிடம் எதையும் கேளாத தாய்க்கும் சிறைத் தோழியருக்கும் ஒரு பகுதி. அங்கேதான் எழுத்தாளர் பிறக்கிறார். அவர் மறைந்தபின் தொகுக்கப்பட்ட ‘மழைக்கால இரவு’ என்னும் சிறுகதைத் தொகுதியை இதனோடு சேர்த்து வாசிப்போர், இம்மூன்றாவது குரல் தற்செயலானதன்று என்பதை உணர்வர். இன்னும் பத்தாண்டு வாழ்ந்திருந்தால் அக்குரல் மற்றிரண்டையும் வென்றிருக்குமா? ஊகத்துக்கு இடமளித்தல் விமரிசனத்துக்கு அழகன்று எனினும், நான் அவ்வாறே ஊகிக்கிறேன். நாற்பத்துமூன்று வயது சாகும் வயதன்று. எழுதத் தொடங்கும் வயது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். இலட்சக்கணக்கானோரின் அழிவோடு தொடர்புற்ற நூலொன்றை, எழுவாய், பயனிலை, நடை எனப் பிரித்துப் பார்ப்பது இரக்கமற்ற செயலல்லவா என நண்பர் சிலர் கேட்டதுண்டு. இலக்கியத்தைச் சமூகத்தோடு பொருத்தி நோக்கவேண்டும் எனக் கைலாசபதியும் சிவத்தம்பியும் நமக்குக் கற்பித்த இடத்தில் இருந்துகொண்டு, நான் வெறும் சொல்லாராய்ச்சியில் இறங்கிவிட்டதாகவும் குறை சொல்லப்பட்டது. என் விடை சுருக்கமானது. வன்னியிற் சமூகம் அழிந்த விதத்தில் ஒன்று சொற்களின் வழியாக நிகழ்ந்தது. பிள்ளை பிடித்தலை ஆட்சேர்ப்பு எனவும், குண்டுவீச்சை மனிதாபிமானம் எனவும் சொல்ல முடிந்ததனால் அவை இரண்டும் எளிதாயின. அவ்வாறிருக்க, அங்கிருந்து வந்த முதன்மையான தன்வரலாறு ஒன்றின் சொற்களைச் சோதியாது அதன் முடிவுகளை மட்டும் எடுத்துக்கொள்வதே இரக்கமற்ற செயல். தலைப்பைக்கூட எடுத்துக்கொள்ளலாம். கூர்வாள், நிழல் ஆகிய இரண்டும் மேடையின் அணிகள். வெலிக்கடைப் பக்கங்களை எழுதிய கை தேர்ந்திருக்கக்கூடிய தலைப்பாக எனக்கு அது தோன்றவில்லை.

எமது நூலகத்தில் இந்நூலின் பிரதி பலர் கைபட்டு நைந்துபோயுள்ளது. இக்கட்டுரைக்காக அதனை மீண்டும் எடுத்தபோது, முன்பு வாசித்தோர் இட்ட பென்சிற் கோடுகளையும் ஓரக் குறிப்புக்களையும் கவனித்தேன். தலைமையைப்பற்றிய பக்கங்களில் ஏறத்தாழ ஒவ்வொரு பத்தியும் அடிக்கோடிடப்பட்டிருந்தது. ‘பொய்’ என ஒரு கையும், ‘முற்றிலும் உண்மை’ என இன்னொரு கையும் எழுதியிருந்தன. ஆட்சேர்ப்புப் பற்றிய பக்கமொன்றின் ஓரத்தில் யாரோ ஓர் ஊரின் பெயரையும் ஒரு திகதியையும் மட்டும் எழுதி, பின் அழிக்க முயன்றிருந்தார். சிறைப் பக்கங்கள் கோடு எதுவுமின்றித் தூய்மையாக இருந்தன.